பெயருக்கு ஒரு மேயர்

"ஆறுக்கு ஆறு," என்றார் நகரசபைக் குமாஸ்தா கிளைவ், தூக்கிய கைகளை மறுபடி எண்ணிவிட்டு. பிறகு மேயர் நாற்காலியில் இருந்த மொரீனின் பக்கம் சாய்ந்தார். "இனி நீங்கதான் சொல்லணும் மேடம்."

மொரீன் தூக்கிய கைகளைத் தானும் ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். பள்ளியில் இருபது வருடம் சாப்பாடு பரிமாறியவள். அந்த யார்க்ஷயர் சிற்றூரில் மேயர் பதவி உறுப்பினர்களிடையே முறை வைத்துச் சுற்றும். இந்த ஆண்டு அவள் முறை. "இது டிட்யுலர் பதவி. பட்டம் மட்டும்தான், அதிகாரம் கிடையாது. ரிப்பன் வெட்டினாப் போதும்," என்று கிளைவ் அப்போது சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் மேயருக்கான பதவிச் சங்கிலியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். வாக்குகள் சமமானால் முடிவு மேயருடையது என்பதை அவர் சொல்ல மறந்துவிட்டார்.

சந்தைத் திடல் கழிப்பறையை மூடுவதா என்பதுதான் கேள்வி. மூடாவிட்டால் வரி ஏறும். இரு பக்கமும் அவள் தினமும் முகம் பார்க்கிறவர்கள்.

"என்னம்மா மொரீன், சங்கிலி கழுத்தை நெரிக்குதா?" என்றார் மூடச் சொல்லிக் கை தூக்கிய கறிக்கடை பேரி. சிலர் சிரித்தார்கள்.

"நெரிக்கத்தான் செய்யுது. உன் கடைக்குப் பின்னால ஒதுங்குறவங்களைத் திட்டிக்கிட்டே இருக்கியே பேரி, இதையும் மூடிட்டா அவங்க எங்க போவாங்க?" கிளைவின் பக்கம் திரும்பினாள். "மூட வேண்டாம்."

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கழிப்பறை திறந்தது. பத்து மணிக்கு மொரீன் தேவாலயத்தில் செடி விற்பனையைத் தொடங்கி வைத்தாள். வழியில் இரண்டு பேர் வணக்கம் சொன்னார்கள், பேரி சொல்லவில்லை. மதியம் மழை பெய்தது.