அப்பா தேர்ந்தெடுத்த அடுப்பு

எங்கள் வீட்டுக் கேக்கில் எப்போதும் லேசாக மண்ணெண்ணெய் வாசம் அடிக்கும். எங்கள் பக்கத்தில் அதற்குக் "கிருஷ்ணாயில்" என்று பெயர். ஒரு பழைய அலுமினிய "டேக்சா" பாத்திரத்தின் அடியில் நாலு விரல் உயரத்துக்குச் சலித்த மணலைப் பரப்பித் திரி ஸ்டவ்வின் மேல் ஏற்றி, மணல் காய்ந்து சூடு முகத்தில் அடிக்கும் நேரம் பார்த்து, மாவு ஊற்றிய தகர டின்னை அம்மா அதற்குள் இறக்கி மூடுவாள். மூடியின் மேல் நாலைந்து துண்டு தணலையும் போடுவாள். அப்படியும் அடிப்பக்கம் கருகிவிடும், நடுப்பக்கம் சில நாள் வேகாமல் ஒட்டும். கருகியதைக் கத்தியால் சுரண்டிவிட்டு மிச்சத்தைத் தட்டில் வைக்கும்போது அவள் முகத்தில் ஒரு வெட்கம் வரும். தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வேலையை மோசமாகச் செய்ய நேர்ந்துவிட்டவளின் வெட்கம் அது என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

அவளுக்கு அது உண்மையிலேயே நன்றாகத் தெரிந்த வேலை. சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்து, அக்காவோடு கான்வென்ட் விடுதியில் வளர்ந்தவள் அம்மா. விடுதிச் சமையலறையில் ஆளுயர ஓவன் ஒன்று இருந்ததாம். பதினாலு வயதில் அத்தனை பிள்ளைகளுக்கும் ஞாயிற்றுக்கிழமை கேக் சுடுவது அவள் பொறுப்பு. கல்யாணமாகி, மயிலாப்பூருக்கும் ராஜா அண்ணாமலைபுரத்துக்கும் நடுவில் ஒரு சந்தில், ஒரு ஹாலும் சமையலறையுமாக இருந்த எங்கள் "போர்ஷனு"க்கு வந்தபோது அவள் கொண்டுவந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் மூன்று கேக் டின்களும்தான்.

அப்பாவுக்கு ஈக்காட்டுத்தாங்கலில், வண்டிகளுக்கான உதிரிபாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் "செக்கிங்" பிரிவில் வேலை. செய்து வரும் ஒவ்வொரு பாகத்தையும் அளந்து பார்த்து, மயிரிழை பிசகினாலும் சிவப்பு சாக்பீஸால் கோடு போட்டு "ரிஜெக்ட்" என்று ஒதுக்கிவைக்க வேண்டும். நல்ல மனிதர். குடி கிடையாது, கோபம் கிடையாது, அம்மாவிடம் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. ஆனால் எதை வாங்குவதென்றாலும் அவருக்கு அது பட்டறை மேஜைக்கு வந்த பாகம்தான். "அவசரத்துல வாங்கினா ஆயுசுக்கும் அழணும்" என்பது அவர் வாக்கு. எங்களுக்குக் கேஸ் இணைப்பு கிடைத்தபோது சிலிண்டர் வந்துவிட்டது, அடுப்பு வரவில்லை. கடையில் பார்த்த அடுப்பு ஒவ்வொன்றிலும் பர்னர் ஆடியது, அல்லது குமிழ் இறுக்கமாக இருந்தது, அல்லது நாலு காலும் ஒரே மட்டத்தில் நிற்கவில்லை. எட்டு மாதம் அந்தச் சிவப்புச் சிலிண்டர் ஒரு பழைய துணியைப் போர்த்திக்கொண்டு மூலையில் நின்றது. அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அம்மா கிருஷ்ணாயில் ஸ்டவ்வில் சமைத்தாள். கடைசியில் வந்த இரட்டை அடுப்பு பத்து வருஷத்துக்கு மேல் உழைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மணல் டேக்சாவின் கனத்தை அது தாங்காது என்று அப்பா சொல்லிவிட்டதால், கேக் மட்டும் பழைய ஸ்டவ்விலேயே தொடர்ந்தது.

கிறிஸ்துமஸுக்கு மட்டும் மாவு டின்களைத் தூக்கிக்கொண்டு திருவல்லிக்கேணிக்கு ஒரு பாயின் பேக்கரிக்குப் போவோம். ரொட்டியெல்லாம் சுட்டு முடித்தபின் செங்கல் அடுப்பில் மிச்சமிருக்கும் சூட்டில், தெரிந்தவர்களின் கேக்கை அவர் வைத்துக் கொடுப்பார். நான் ஏழாம் வகுப்பு படித்த வருஷம், எங்கள் கேக்கில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கித் தின்று பார்த்த பாய், கல்லாவை விட்டு எழுந்து வெளியே வந்துவிட்டார்.

"இன்னா தங்கச்சி, இம்மாம் நாளா இத்த வூட்ல ஒளிச்சு வெச்சுக்கினு கீறியே! தெனம் ரெண்டு ட்ரே குடு, நான் கடையில வெக்கிறேன். என் அடுப்பு பன்னுக்கும் ரொட்டிக்குமே பத்தல. வூட்ல ஒரு ஓவன் மட்டும் போட்டுக்க, மத்தத நான் பாத்துக்கறேன்."

"வீட்ல அவர்கிட்ட கேட்டுட்டு சொல்றேன் பாய்" என்றாள் அம்மா. திரும்பி வரும் பஸ்ஸில் அவள் வாய் ஓயவில்லை. ரவை கேக், தேங்காய் கேக், வாழைப்பழ கேக் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எந்தக் கிழமை எதைச் சுடுவது, எதை முந்தின நாளே ஊறவைப்பது என்று என்னிடம் யோசனை கேட்டாள். என் அம்மாவுக்கு இவ்வளவு பேச வரும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

நாங்கள் பயந்ததற்கு மாறாக அப்பா உடனே சம்மதித்தார். சந்தோஷப்பட்டார் என்றே சொல்ல வேண்டும். "செய், கண்டிப்பா செய். ஆனா சரியான ஓவனா பாத்து வாங்கணும். இது தொழிலுக்கு" என்றார். அன்றே சமையலறையின் நீள அகலத்தை அளந்து கட்டம் போட்ட தாளில் வரைந்தார். ஜன்னல் எங்கே, சிலிண்டர் எங்கே, கதவு திறந்தால் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று சிறுசிறு அம்புக்குறிகளோடு அவர் வரைந்த அந்தப் படம் அழகாக இருந்தது.

ஜனவரியில் தொடங்கியது எங்கள் தேடல். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தி. நகருக்கு பஸ் ஏறுவோம். முதல் மூன்று வாரம் அம்மாவும் வந்தாள். பிறகு, திரும்பி வந்து மதியச் சாப்பாடு ஆக்க நேரமாகிறது என்று நின்றுவிட்டாள். நானும் அப்பாவும் போனோம். வட்டமாக, மூடியில் கண்ணாடி வைத்த அலுமினிய ஓவனில் சூடு ஒரே பக்கம் வருகிறது என்று ரிஜெக்ட். கேஸ் அடுப்பின் மேலேயே தூக்கி வைக்கும் தகரப் பெட்டி, தகடு மெலிசு என்று ரிஜெக்ட். கரண்டில் ஓடும் பெரிய ஓவனுக்கு எங்கள் வீட்டு வயரிங் தாங்காது. மேலே நான்கு பர்னரும் கீழே ஓவனும் சேர்ந்த "குக்கிங் ரேஞ்ச்"தான் சரி என்று மே மாதத்தில் ஒரு முடிவுக்கு வந்தார்; வந்தபின் ஒவ்வொரு கம்பெனியின் ரேஞ்சிலும் ஒவ்வொரு குறை தெரிந்தது.

எனக்கு அந்த ஞாயிறுகள் திருவிழா. அப்பாவோடு தனியாகப் போவது, கண்ணாடிக் கதவுகளுக்குப் பின்னால் ஜிலுஜிலுவென்று வீசும் ஏசி, விற்பனையாளர்கள் அப்பாவை "சார், சார்" என்று சுற்றி வருவது, எல்லாம் முடிந்து தெருமுனையில் பன்னீர் சோடா. அவரிடமிருந்து குறை கண்டுபிடிக்கும் வித்தையை நானும் பழகிக்கொண்டேன். ஓவன் கதவின் இடுக்கில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பார்க்க வேண்டும்; காகிதம் வராமல் பிடித்துக்கொண்டால் கதவு சரி, உருவிக்கொண்டு வந்தால் சூடு வெளியே போகும். அவருக்கு முன்னால் ஒரு குறையைக் கண்டுபிடித்துவிட்டால் என் தலையைத் தடவி, "என் செக்கர் இவதான்" என்று கடைக்காரரிடம் சொல்வார். அந்த ஒரு வார்த்தைக்காக ஆறு நாளும் காத்திருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சோறு பரிமாறிக்கொண்டே, "இன்னைக்கு என்னாச்சு?" என்று கேட்பாள். நாங்கள் இருவரும் போட்டி போட்டுக்கொண்டு குறைகளை அடுக்குவோம். ஆகஸ்ட் வாக்கில் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். நாங்கள் அதைக் கவனிக்கவில்லை. இடையில் ஒருமுறை பாய் ஆளனுப்பி விசாரித்தார். "கிறிஸ்துமஸ் வரைக்கும் பாக்கறேன்னு சொல்லச் சொன்னாரு" என்று வந்தவர் சொல்லிவிட்டுப் போனார்.

நவம்பரில், மழை விட்டிருந்த ஒரு ஞாயிறு, அப்பா ஒரு ரேஞ்சை ஏறக்குறைய முடிவு செய்து, அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனார். பால்கோவா நிறத்தில் ஒன்று. அம்மா அதன் முன்னால் குனிந்து கதவைத் திறந்து, கையை உள்ளே முழங்கை வரை விட்டுப் பார்த்தாள். ஒரு குழந்தையின் நெற்றியில் காய்ச்சல் பார்ப்பதுபோல இருந்தது அது.

"இதுல ரெண்டு ட்ரே ஒண்ணா வெக்கலாங்களா?" என்று விற்பனையாளரிடம் கேட்டாள்.

"தாராளமா வெக்கலாம்மா. நடுவுல இன்னொரு தட்டும் வருது."

அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பை இன்றும் என்னால் பார்க்க முடிகிறது. விற்பனையாளர் பில் புத்தகத்தைத் திறந்து, அப்பாவிடம் விலாசம் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் நான் பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்து, கதவின் இடது கீழ் மூலையில் வைத்து மூடி, இழுத்தேன். வெண்ணெயில் கத்தி போல வழுக்கிக்கொண்டு வந்தது.

"அப்பா, ரிஜெக்ட்!" என்று கத்தினேன்.

அப்பா வந்து பார்த்தார். மூன்று முறை பார்த்தார். "சார், இது ஷோவுக்கு வெச்சது, குடோன்லேர்ந்து புதுசு வரும்" என்றார் விற்பனையாளர். "புதுசும் இதே கம்பெனி பண்ணதுதானே?" என்றார் அப்பா.

"பரவால்லைங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள் அம்மா, மிகச் சன்னமாக.

"இதுல நீ பாத்துக்கறதுக்கு என்ன இருக்கு? சூடு வெளிய போனா கேக்கு எப்படி வேகும்?"

வாழ்நாளில் ஒரு ரொட்டிகூடச் சுட்டிராத மனிதர், விடுதி முழுவதற்கும் சுட்டுப் போட்டவளிடம் அதைக் கேட்டார். வெளியே வந்ததும் என் கூர்மையான கண்ணுக்குப் பரிசாக அன்று இரண்டு பன்னீர் சோடா கிடைத்தது. அம்மா தனக்கு வேண்டாம் என்றாள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை.

அந்த டிசம்பரில் டின்களோடு போனபோது, பேக்கரியின் கண்ணாடி அலமாரியில் ஏற்கனவே யாரோ சுட்ட கேக்குகள் இருந்தன. "இன்னா பண்றது தங்கச்சி, வருசம் பூரா பாத்தேன்" என்றார் பாய், வருத்தமாகத்தான். புரசைவாக்கத்திலிருந்து ஒரு அம்மா கொடுக்கிறார்களாம். "நல்லா கீது, ஆனா உன்னுது மாரி இல்ல" என்றும் சொன்னார். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

அதன்பின் அம்மா கேக் சுடவில்லை. சண்டை போடவில்லை, அழவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. பொங்கல் கழிந்து ஒருநாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது, பழைய இரும்புக்காரரின் வண்டியில் எங்கள் மூன்று டின்களும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கிடந்தன. ஓடி வந்து, "அம்மா, டின்னு!" என்றேன். "துருப்பிடிச்சுப் போச்சு" என்றாள். துருப்பிடித்திருக்கவில்லை.

அப்பா தேடலை விடவில்லை என்பதுதான் கொடுமை. நான் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கும்போது, எந்தக் குறையும் இல்லாத ஒரு ரேஞ்சைக் கண்டுபிடித்து, அவள் பிறந்தநாளில் வீட்டில் கொண்டுவந்து இறக்கினார். எந்த மூலையில் காகிதம் வைத்தாலும் வரவில்லை. அவர் கண்ணில் நீர் இருந்தது. அம்மா அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்குங்க" என்றாள். மறுநாள் காலை ஓவனுக்குள் தோசைக்கல்லையும் அப்பள டப்பாவையும் வைத்துக் கதவை மூடினாள். அப்பா இரண்டு மூன்று முறை கேட்டார், நானும் கேட்டேன். "கை மறந்துபோச்சு" என்பாள். மேலே இருந்த பர்னர்களில் இரண்டில் மட்டும் சோறும் குழம்பும் கொதித்தன.

அவள் போய் நாலு வருஷம் ஆகிறது. படுக்கையில் இருந்த கடைசி மாதங்களில் ஒருநாள், தலை வாரிவிட்டுக்கொண்டே, அந்த நவம்பர் ஞாயிற்றைப் பற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். எத்தனையோ வருஷமாகத் தொண்டையில் நின்ற முள் அது. அவள் மறந்திருப்பாள் என்று நினைத்தேன்.

"கதவு சரியில்லன்னு எனக்குத் திறக்கும்போதே தெரிஞ்சுதுடி" என்றாள். "ஈரத்துணிய மடிச்சு இடுக்குல குடுத்தா ஆச்சு. கான்வென்ட்டுல கீல் ஒடைஞ்சு, கதவுக்கு ஒரு கல்ல முட்டுக்குடுத்துதான் அத்தன வருசமும் சுட்டோம்."

"ஏம்மா அப்பவே அப்பாகிட்ட சொல்லல?"

"என்னை யாரு கேட்டீங்க?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்பதுபோலச் சொன்னாள். பிறகு, இடது பக்கம் சிக்கு இருக்கிறது, பார்த்து வாரு என்றாள்.

இதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. அவருக்கு எண்பது வயதாகிறது, அடையாறில் எங்களோடு இருக்கிறார். பழைய வீட்டைக் காலி செய்தபோது அந்த ரேஞ்சை யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள். பேக்கரி இருந்த இடத்தில் செல்போன் கடை. பாயின் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று பக்கத்துக் கடையில் யாருக்கும் தெரியவில்லை. அம்மாவின் கேக்குக்கு எழுதிவைத்த குறிப்பு எதுவும் இல்லை. பெரியம்மாவிடம் போனில் கேட்டேன். "அவளுக்கு எல்லாம் கண்ணளவுதான், எனக்கு எங்க தெரியும்?" என்றார்.

போன மாதம் எங்கள் சமையலறையை மாற்றி அமைத்தோம். மேடையில் பதித்த நாலு பர்னர் ஹாப், சுவருக்குள் பொருத்திய ஓவன். போனில் வந்த படங்களில் ஒன்றைத் தொட்டுத் தேர்ந்தெடுக்க எனக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பொருத்த வந்தவர், முதல்முறை அரைமணி நேரம் காலியாகவே ஓடவிடுங்கள், ஃபாக்டரி வாசம் போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போனார். போட்டுவிட்டேன். அப்பா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, உள்ளே எரியும் மஞ்சள் விளக்கையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "முதல்ல என்னம்மா செய்யப்போறே?" என்று கேட்டார். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டேன். அரைமணி முடிந்து மணியடித்தது. கையைத் துடைத்துக்கொண்டு போய் அணைத்தேன். இந்த வீட்டில் அதில் எதையும் சுடத் தெரிந்தவர் யாரும் இல்லை.