ஸ்பெயினுக்கு விட்ட இடம்

சைக்கிள் டைனமோவின் கிர்ர்ர் சத்தம்... அதற்குள்ளே, கிணற்றின் அடியில் நின்று கத்துவதுபோல ஓர் ஆங்கிலக் குரல்.

தொண்ணூறுகளின் தொடக்கம், போர்க்காலம். யாழ்ப்பாணத்துக் குருநகரில் மின்சாரமும் இல்லை, பற்றறியும் இல்லை. கவிழ்த்து வைத்த சைக்கிளின் பெடலை ஒருவர் கையால் சுற்றினால் வானொலி பேசும். கை களைத்தால் ஐரோப்பா முழுவதும் மௌனமாகிவிடும்.

அந்த வானொலியில்தான் அவர் எங்களுக்குப் பழக்கம். ஸ்பெயின் அணியில் இடது ஓரமாக ஓடுபவர். அவர் பெயர் எங்கள் ஒருவர் வாயிலும் ஒழுங்காக வராது. ஆனாலும் பந்து அவரிடம் போனால், பெடல் சுற்றும் கை தானாக வேகம் பிடிக்கும். சலூன் கண்ணாடியில் அந்தோனியாருக்குப் பக்கத்தில் அவர் படம் ஒட்டியிருந்தது. மட்ரிட்டில் அவருடைய புகழ் எப்படியோ, எங்கள் கோயில் பங்கில் புனிதர்களுக்கு அடுத்த நிலை.

எங்கள் அணியின் இடது ஓரக்காரன் ஜெறோம். கடற்தொழில். அந்த ஒற்றைப் படத்தைப் பார்த்தே விளையாடப் பழகியவன். அதனால் பட்டப்பெயர் 'ஸ்பெயின்'. படத்தில் இல்லாத பழக்கம் ஒன்றும் அவனுக்கு இருந்தது. பந்தை உள்ளே அடிக்கும் முன் தோளுக்கு மேலால் ஒருமுறை திரும்பிப் பார்ப்பான். பின்னால் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

"ஆரையடா பாக்கிறாய், உன்ரை மாமியாரையோ?" என்பார் கப்டன் சூசை அண்ணை.

"ஆரோ கூப்பிட்ட மாதிரிக் கிடந்தது அண்ணை."

எங்கள் பக்கத்தில் விடைபெறும்போது 'போறன்' என்று சொல்வதில்லை. 'போட்டு வாறன்' என்போம். போய்விட்டு வருகிறேன் என்று பொருள். ஆட்டத்துக்குப் புறப்படும் ஜெறோம் அதையே, கோல் போட்டுவிட்டு வருகிறேன் என்ற பொருளில் தாய் திரேசம்மாவிடம் சொல்வான். அவர் ஒவ்வொரு முறையும் சிரிப்பார்.

ஒரு பின்னேரம் அதைச் சொல்லிவிட்டுக் கடலுக்குப் போனான். படகு திரும்பவில்லை.

அடுத்த ஆட்டத்தில் சூசை அண்ணை இன்னொருவனை இடது ஓரத்தில் நிறுத்தினார். திரேசம்மா மைதானத்துக்கே வந்துவிட்டார்.

"அவன்ரை இடத்திலை ஏன் ஆளை விடுறாய்?"

"பத்துப் பேரோடை எப்பிடியெணை விளையாடுறது?"

"போட்டு வாறன் எண்டுதான் சொன்னவன். போறன் எண்டு சொல்லேல்லை. நீ ஆளை விட்டால்... அவன் இல்லையெண்டு நீயே சொல்லுற மாதிரியடா."

பத்துப் பேரோடு விளையாடினோம். கால்பந்து விதிகளில் அதற்குத் தடையில்லை.

இரண்டாம் பாதியில், பழக்கத்தில், சூசை அண்ணை பந்தை இடது ஓரத்துக்கு நீளமாக அடித்துவிட்டார். அங்கே வெறும் மண். மூலைக் கொடியடியில் பந்து உருண்டு நின்றது. பிறகு எழும்பி, உள்ளே வளைந்து, கோல் காத்தவரின் தலைக்கு மேலால் வலைக்குள் இறங்கியது.

"காத்து," என்றார் நடுவர்.

எல்லோரும் உடன்பட்டோம். கோயில் கொடி அசையாமல் கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தது.

திரேசம்மா எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"போட்டிட்டான். இனி வாறதுதான் மிச்சம்."

அதன்பின் அந்த இடத்தில் நாங்கள் ஒருவரையும் விடவில்லை.

இப்போது எல்லாம் கைபேசியில் கிடைக்கிறது. யாரும் பெடல் சுற்றத் தேவையில்லை. அந்த ஸ்பெயின்காரர் எப்போதோ ஆடிய கடைசி ஆட்டத்தின் பதிவைப் போன கிழமைதான் பார்த்தேன். மைதானமே எழுந்து நிற்க, கையசைத்து ஓய்வு பெற்றார். 'போறன்' என்றே சொல்லியிருப்பார். அவர்கள் மொழியில் வேறு வழி இல்லையோ என்னவோ.

எங்கள் ஸ்பெயின் இன்னும் ஓய்வு பெறவில்லை.

அதைத் தொடர்ந்து, நாங்கள் வானொலியில் கேட்ட காலத்து ஆட்டங்களும் வந்தன. அவர் ஓடுவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பந்தை உள்ளே அடிக்கும் முன், தோளுக்கு மேலால் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறார்...

பின்னால் ஒருவரும் இல்லை. நானும் நன்றாகப் பார்த்தேன்.