சக்கரம் தெரியாத விமானம்

பழைய சரக்கைப் புதுக் கம்ப்யூட்டரில் ஓட்டித் தருகிறேன் என்று வாய் கொடுத்தவனுக்கு அப்புறம் நிம்மதி கிடையாது. இதே தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷம் இலங்கை மலையகத்துப் பண்டாரவளையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் இருந்தேன். மெஷினின் வேகத்தைக் காட்ட, முன்மேசையில் விமானம் ஓட்டும் விளையாட்டை எந்நேரமும் ஓடவிட்டிருப்போம். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

வயிறு தரையில்

பூனாகலை தேயிலைத் தோட்டத்து லெட்சுமி அக்கா போட்டோ கொப்பி எடுக்க வந்தார். மகளைப் படிக்க வைக்க, வீட்டு வேலைக்காக முதல் தடவையாக வெளிநாடு போகிறார். போவதற்கு ஏற்கெனவே பயம். தான் ஏறப்போகும் விமானக் கம்பெனியின் விமானத்தை அந்த விளையாட்டில் காட்ட முடியுமா என்று கேட்டார். அது விளையாட்டோடு வரவில்லை. யாரோ தனியாகச் செய்து, விளையாட்டின் பழைய பதிப்புக்கென்று வெளியிட்டது ஒரு சீடியில் கிடந்தது. பெருமையாக ஏற்றிக் காட்டினேன். விமானம் ஓடுபாதையில் வயிறு பதியப் படுத்துக்கிடந்தது. அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

"சக்கரமே இல்லையே தம்பி, இது எப்புடிங்க எறங்கும்? நான் போகலங்க."

கறுப்பு

பாதிப் பயத்தை முழுப் பயமாக்கியவன் நான். ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள், சக்கரம் இருக்கும் என்று சொல்லி அனுப்பினேன். திரையில் படம் காட்டும் டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்தால் சரியாகும் என்று இணையத்தில் எவரோ எழுதியதை நம்பிச் செய்தேன். சக்கரம் வரவில்லை, இருந்த நிறமும் போய் விமானம் கன்னங்கரேலென்று நின்றது. விமானத்தின் மேல் போர்த்தும் வண்ணப் படங்கள் எல்லாம் பழைய வகைக் கோப்புகள். ஒவ்வொன்றாகப் புது வகைக்கு மாற்ற உட்கார்ந்தேன். பிரிண்டரைத் திருத்தக் கொண்டுவந்த யாழ்ப்பாணத்து வங்கிக்காரர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"உதென்ன தம்பி, பிளேனை அடுப்பிலை வைச்சு எடுத்தனீரோ?"

அந்தரத்தில்

நிறம் திரும்பியது. கடைசியில் சக்கரத்தை ஒளித்த ஆளையும் பிடித்துவிட்டேன். விமானம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்று அதன் கோப்பில் ஓர் எண் இருந்தது. பழைய பதிப்புக்குச் சரியான அந்த எண் புதியதில் சக்கரங்களை மண்ணுக்குள் புதைத்திருக்கிறது. கூட்டினேன். சக்கரம் முழுசாகத் தெரிந்தது. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"சக்கரம் வந்துருச்சு, சரி. இப்ப தரையக் காணோமேடா!"

விமானம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை

குறைத்துப் பார், மறுபடி ஏற்று, மறுபடி குறை. விடுவதாக இல்லை. அக்கா வந்தபோது விமானம் சக்கரம் பதித்து லட்சணமாக நின்றது. ஓட்டிக் காட்டினேன்; விமானம் மேலே ஏறியதும் சக்கரம் உள்ளே மடங்க, "ஐயோ, மறுபடி காணோமே" என்று அலறினார். இறக்கிக் காட்டினேன். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கை வலிக்க வலிக்க இறக்க வைத்தார். கிளம்பும்போது சிரித்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அடுத்த மாதம் கடைக்கு வெளிநாட்டிலிருந்து போன் வந்தது.

"தம்பி, சீட்டுல உக்காந்து பாத்தா சக்கரமே தெரியலங்க! நீங்க காட்டுனீங்கல்ல, கீழ இருக்கும்னு நெனச்சுக்கிட்டுக் கண்ண மூடிக்கிட்டேன்."

பயணம் போகிறவர் கண்ணுக்கே படாத சக்கரத்துக்காக ஒரு கிழமை முழுக்க மல்லுக்கட்டியிருக்கிறேன். இன்னொருவர் வந்து கேட்டாலும் மல்லுக்கட்டத்தான் போகிறேன்.