கண்ணை மூடிக்கொண்டு கேட்டோம்

வடக்குப்பட்டில் எங்கள் சபையார் நடத்திவந்த பிள்ளைகள் காப்பகத்தை 2012-ல் மூடினோம். சாவியை வீட்டுச் சொந்தக்காரர் கையில் கொடுத்தவள் நான்தான். ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார் என்று சொல்லத்தான் இப்போது உங்கள் முன் நிற்கிறேன். ஆனால் சிரித்துக்கொண்டு சொல்ல என்னால் ஆகாது.

ஒரகடம் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்களின் பிள்ளைகள்தான் எங்களிடம் இருந்தார்கள். விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்துவிடும். தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து எங்களிடம் விட்டுவிட்டு ஓடுவார்கள். சொந்தபந்தம் எல்லாம் தெற்கே. இங்கே பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? ஒருநாள் வீட்டுக்காரர் வந்தார். "இன்னாமா பண்றது, ரூம் ரூமா தடுத்து பேச்சிலர் பசங்களுக்கு வுட்டா நெறைய வருது. நீங்க வேற வூடு பாத்துக்கங்க" என்றார். மூன்று மாதம் கெடு வைத்தார். வேறு வீடு கேட்ட இடத்திலெல்லாம் அட்வான்ஸைக் கேட்டே தலை சுற்றியது.

எங்கள் கமிட்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. தேவையை ஆண்டவரிடம் மட்டும் சொல்வோம், மனுஷரிடம் கை நீட்ட மாட்டோம். அதில் எங்களுக்கு ஏகப்பட்ட பெருமை வேறு. தலைவர் தேவசகாயம் ஐயா, ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். நான் செயலாளர். வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தோம், அழுதோம்.

அந்த நாட்களில்தான் ஒரு உதிரிபாகக் கம்பெனியின் ஹெச்.ஆர். அதிகாரி எங்களை வரச் சொன்னார். அங்கே வேலை செய்யும் பெண்கள் காப்பகத்தைப் பற்றி அவரிடம் சொல்லியிருந்தார்கள். உட்கார வைத்து டீ கொடுத்தார். "சொல்லுங்க, உங்களுக்கு என்ன வேணும்?" என்று நேராகவே கேட்டார்.

ஐயா நெளிந்தார். "ஜெபத்துல நெனைச்சுக்கங்க சார், அது போதும்" என்றார். நானும் தலையாட்டினேன். பிறகு ஐயா எழுந்து, "ஒரு வார்த்தை ஜெபிச்சுக்கலாமா?" என்று கண்ணை மூடினார். பிள்ளைகளுக்கு வீடு வேணும் ஆண்டவரே, அட்வான்ஸ் வேணும் ஆண்டவரே, இந்த சாருடைய மனதைத் தொடும் ஆண்டவரே என்று பத்து நிமிஷம். நான் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். பாவம், அந்த மனுஷன் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். ஆமென் சொன்ன கையோடு, அவர் வாய் திறக்கும் முன்னே கிளம்பிவிட்டோம். அவருடைய இருதயம் கடினப்பட்டிருக்கிறது என்று வழியில் ஐயா சொன்னார். நானும் ஆமாம் போட்டேன்.

காப்பகம் மூடி மூன்று வாரம்தான் ஆகியிருக்கும். செல்வி என்று ஒரு பெண், தென்காசிப் பக்கம். புருஷன் விட்டுப் போய்விட்டான். இன்னும் ஒரு நாள் லீவு போட்டால் வேலை போய்விடும். நான்கு வயது பவித்ராவை அறையில் வைத்து, தட்டில் சோறு போட்டு, வெளியே பூட்டிவிட்டு பஸ் ஏறினாள். தெருவில் பிள்ளைகள் சத்தம் கேட்டுக் குழந்தை ஜன்னலைத் தட்டியிருக்கிறது. கண்ணாடி உடைந்து வலது கை கிழிந்தது. பக்கத்து அறைப் பையன்கள் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எழுந்து பூட்டை உடைத்தபோது தரையெல்லாம் ரத்தம். உயிர் பிழைத்தாள். இரண்டு விரல்கள் இனி மடங்காது.

அன்றைக்கு நான் முழங்கால் போட்டது ஜெபத்துக்கா, சண்டைக்கா, தெரியவில்லை. "உமக்குக் காதே இல்லையா? எத்தனை வெள்ளிக்கிழமை பட்டினி கிடந்தோம்? பதில் சொல்லும்!" என்று கத்தினேன்.

பதில் ஒரு நோட்டீஸாக வந்தது. சின்ன டிரஸ்டுகளின் கமிட்டிக்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும், கூச்சமில்லாமல் நன்கொடை கேட்கப் பயிற்சி, ஸ்ரீபெரும்புதூரில் இரண்டு நாள். "பிச்சை எடுக்கறதுக்குக் கூட கிளாஸா எஸ்தரு?" என்றார் ஐயா. நீங்கள் வராவிட்டால் நான் கமிட்டியிலேயே இல்லை என்று சொல்லி இழுத்துக்கொண்டு போனேன்.

பயிற்சி கொடுத்த பெண் எங்களை ஜோடி ஜோடியாக உட்கார வைத்தாள். ஒருவர் கேட்க வேண்டும், எதிரே இருப்பவர் கொடுக்கிறவர். எதற்கு, எவ்வளவு என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஐயா அவளிடமே கேட்டுப் பார்த்தார். தொகை சொல்லும் இடம் வந்ததும் கண் தானாக மூடிக்கொண்டது. "ஐயா, கண்ணைத் தொறங்க. என்னைப் பாத்துக் கேளுங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஆபீசில் நடந்ததைச் சொன்னேன்.

"என்ன வேணும்னு அவரே கேட்டாருல்ல மேடம்? நீங்க என்ன பதில் சொன்னீங்க?" என்றாள்.

மறுவாரமே அதே ஆபீசுக்குப் போனோம். வீட்டு அட்வான்ஸ், ஒரு வருஷ வாடகை, இரண்டு ஆயாம்மாக்களின் சம்பளம் என்று தொகையைச் சொல்லிவிட்டு வாயை மூடினேன். அவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தரேன் மேடம். ஆனா போன தடவையே கேட்டிருக்கலாமே? அப்ரூவல் வாங்கி வச்சுக்கிட்டுதான் உங்களைக் கூப்பிட்டேன். நீங்க ஒண்ணும் வேணாம்னுட்டுப் போயிட்டீங்க. அந்தப் பணத்துல கம்பெனி கேட் பக்கத்துல புல்வெளி போட்டுட்டோம்."

வெளியே வரும்போது ஐயா அந்தப் புல்வெளி பக்கத்தில் நின்றுவிட்டார். "இதாம்மா நம்ம வூடு" என்றார்.

காப்பகம் திறந்தோம். பவித்ராவோடு செல்வி வந்தாள். நன்றி சொன்னவளிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. முன்பே கிடைத்திருக்கும், நாங்கள்தான் கேட்கவில்லை என்று சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"கேக்கதுக்கு வெக்கமா இருந்துச்சாக்கா?"

"ஆமா செல்வி."

"எனக்கும் அன்னைக்குப் பூட்டு போடையில வெக்கமாத்தான் இருந்துச்சு. பிள்ளையப் பாத்துக்கிடுங்கன்னு யார்ட்டயும் கேக்க வாய் வரலக்கா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

இப்போது நான் கம்பெனி கம்பெனியாகப் போய்க் கேட்கிறேன். காப்பகம் நடக்கிறது, ஆண்டவருக்கு நன்றி. பவித்ரா இடது கையால்தான் எழுதுகிறாள். அவள் கையைப் பார்க்காமல் எனக்கு ஒரு நாளும் முடிவதில்லை.

பிரியமானவர்களே, நம்பி ஜெபியுங்கள். அவர் கேட்கிறார். கேட்டு, யாரோ ஒருவர் மூலமாய் உங்களை உட்கார வைத்து, டீயும் கொடுத்து, என்ன வேண்டும் என்று விசாரிக்கிறார். அப்போது மட்டும் கண்ணை மூடிவிடாதீர்கள். பதில் சொல்லுங்கள்.