அடிபட்ட வார்த்தைக்கு ஒரு தட்டு சிங்காரா

கல்கத்தா நியூ டவுனில் எங்கள் அடுக்ககத்து லிஃப்ட் மறுபடி நின்றுவிட்டது. அதை 'ஃபோர்த்வித்' சரிசெய்ய வேண்டும் என்று குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். செயலாளர் பெண் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டு, "காகு, இது எந்தக் காலத்து இங்கிலீஷ்?" என்று கேட்டாள். காகு என்றால் இங்கே சித்தப்பா. 'உடனடியாக' என்று அர்த்தம் சொன்னேன். சொல்லும்போதே, எங்கிருந்தோ சிங்காரா பொரியும் வாசனை வந்தது. சிங்காரா என்பது நம்முடைய சமோசாவின் வங்காளத் தம்பி.

அந்த வாசனை கார்டன் ரீச்சில் நான் வேலைக்குச் சேர்ந்த ஆபீசுடையது. எங்கள் செக்‌ஷனில் ஒரு விளையாட்டு உண்டு. அகராதியில் தூசி படிந்து கிடக்கும் வார்த்தை ஒன்றை ஆபீஸ் கடிதத்தில் நுழைத்துவிட வேண்டும். மேலதிகாரி வைத்தியநாதன் சார் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டால், எழுதினவருக்கு மற்றவர்கள் சிங்காரா வாங்கித் தரவேண்டும். அவருடைய சிவப்புப் பென்சில் வார்த்தையை அடித்துவிட்டால், எழுதினவர்தான் எல்லாருக்கும் வாங்கவேண்டும். நான் அடிக்கடி வாங்கினேன்.

ஆட்டத்தில் மன்னன் லாஹிரிதா, அதாவது லாஹிரி அண்ணன். அவருக்குத் திடீரென்று விசாகப்பட்டினத்துக்கு மாற்றல் வந்தது. அவர் மனைவி, எங்களுக்கு பௌதி, அதாவது அண்ணி, சுலேகாவுக்கு இங்கே டாலிகஞ்சில் பள்ளிக்கூட வேலை. விட்டுவிட்டுப் போக முடியாது. மாற்றலை ரத்து செய்யக் கேட்டு மனு எழுதினார். எதையும் நாள் குறித்துச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது: அது விஸ்வகர்மா பூஜைக்கு மறுநாள். பூஜையன்று ஊரே விட்ட பட்டங்களில் அறுந்தவை இன்னும் மரங்களில் தொங்கிக்கொண்டிருந்தன. வருஷம் மட்டும் கேட்காதீர்கள், என் வயது வெளியே வந்துவிடும்.

மனுவை வாங்கிப் படித்தோம். 'நான் அக்ஸோரியஸ் சுபாவம் உள்ளவன்' என்று எழுதியிருந்தார். வாழ்க்கைப் பிரச்சினையில் என்ன விளையாட்டு என்று எல்லாருமாகப் பிடித்துத் திட்டினோம். வார்த்தையை மாற்றச் சொல்லிக் கெஞ்சினோம். "உண்மையைத்தானே எழுதியிருக்கேன்" என்று வங்க மொழியில் சொல்லிவிட்டு அவரே போய் சார் மேஜையில் வைத்துவிட்டு வந்தார்.

கொஞ்ச நேரத்தில் எனக்கு அழைப்பு. வைத்தியநாதன் சார் கும்பகோணத்துக்காரர். சந்தேகம் வந்தால் தமிழுக்கு இறங்கிவிடுவார். தமிழ் பேச ஆபீசில் அவருக்கு நான் ஒருவன்தான்.

"என்னய்யா இது, ஏதாவது வியாதியா?"

"இல்ல சார். பொண்டாட்டி மேல அளவுக்கு மீறின பிரியம்னு அர்த்தம்."

கண்ணாடியைக் கழற்றினார். அவர் குடும்பம் மகள்களின் படிப்புக்காக ஊரில் இருந்தது. இங்கே தானே ரசம் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அளவுன்னு ஒண்ணு யாருய்யா வெச்சா?"

அவர் சிவப்புப் பென்சிலை எடுத்து அந்த வார்த்தையை அடித்தார். மேலே, 'மனைவியைப் பிரிந்து இருக்க இயலாதவன்' என்று எளிய இங்கிலீஷில் எழுதினார். கீழே மாற்றல் ரத்து என்று குறித்துக் கையெழுத்துப் போட்டார்.

செக்‌ஷனில் பெரிய விவாதம். லாஹிரிதா ஜெயித்தாரா, தோற்றாரா? வார்த்தை அடிபட்டுவிட்டது, ஆகவே தோல்விதான் என்று அவரே தீர்ப்பு சொல்லி, மாடி முழுவதற்கும் சிங்காரா வாங்கினார். அவ்வளவு சந்தோஷமாகத் தோற்ற ஒருவரை அப்புறம் நான் பார்க்கவில்லை.

இப்போது அந்தக் கட்டடம் இல்லை. சிங்காராக் கடை இருந்த இடத்தில் செல்போன் ரிப்பேர் பார்க்கிறார்கள். கடிதங்களைக் கம்ப்யூட்டரே திருத்திவிடுகிறது. சிவப்புப் பென்சிலுக்கு வேலை போய்விட்டது. நேற்று டாலிகஞ்சில் லாஹிரிதா வீட்டுக்குப் போன் செய்தேன். பௌதி எடுத்தார்.

"அக்ஸோரியஸ் சந்தைக்கு மீன் வாங்கப் போயிருக்கார். வந்ததும் பேசச் சொல்றேன்."

எனக்குத் தெரிந்து, கல்கத்தாவில் அந்த வார்த்தை இன்னும் புழக்கத்தில் இருப்பது அந்த ஒரு வீட்டில்தான்.