புகை எழாத ஊர்

ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் கோயமுத்தூரில் பஸ் ஏறினேன். காரமடைக்குப் பதினெட்டு மைல், சார்ஜ் நாலணா. அங்கிருந்து மேற்கே இரண்டு மைல் நடந்தால் என் தங்கை பொன்னாத்தாளைக் கட்டிக்கொடுத்த ஊர். அவளுக்கு நிறைமாதம். முதல் பிரசவத்தில் பிழைத்ததே பெரிது என்பதால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"பிரேக் நல்லா இருக்குதுங்களா?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"மூணாந்தரம் கேக்கறீங்க. இன்னொருக்கா கேட்டீங்கன்னா வண்டியே பயந்து நின்னுபோயிருமுங்க."

பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்த காற்று வண்டியைத் தொட்டிலாக ஆட்டியது. பனைகளெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, தூரத்தில் யாரோ பேசுவதைக் கேட்பனபோல நின்றன.

காரமடையில் இறங்கி, இருபுறமும் வேலியடைத்த இட்டேரியில் நடந்தேன். மலைமேல் மஞ்சள் வெயில். பனையோலைக் கூரைகள் தெரிந்தன. ஒன்றிலும் புகை இல்லை. அந்திப்பொழுதில் ஒரு வளவு, அதாவது சேர்ந்தாற்போல் இருக்கும் பத்துப் பன்னிரண்டு வீடு, முழுக்க அடுப்பு எரியவில்லை என்றால் அங்கே சாவு என்று அர்த்தம். பிணம் எடுக்கும்வரை யாரும் உலை வைக்கமாட்டார்கள். ஓடினேன். கனவில் ஓடுவதுபோல ஊர் கிட்டவே வரவில்லை.

மண்வெட்டியோடு எதிரே வந்தவரிடம், "போனது ஆருங்க? பொம்பளைங்களா?" என்றேன்.

"ஆரும் போகலீங்க. நீங்கதான் போயிருவீங்களாட்ட இருக்குது. காத்துங்க, காத்து!"

அவர் காட்டிய மூங்கில் கம்பத்தின் உச்சியில் ஒரு துணி விறைத்துப் பறந்தது.

வாசலில் வயிற்றைத் தாங்கியபடி பொன்னாத்தாள் நின்றாள். "ஏனுங்ணா, அழுதுட்டா வந்தீங்க?"

"கண்ணுல தூசி, அம்மணி."

மச்சான் விவரம் சொன்னார். போன ஆடியில் ஓர் அடுப்புப் பொறி பறந்து தெருவே எரிந்ததாம். பிறகு ஊரார் கூடி, பொறி பறந்த வழியே வீடுவீடாக நடந்து பார்த்திருக்கிறார்கள். தீயைக் கடத்திய வைக்கோற்போர்கள் ஊருக்கு வெளியே காட்டுக்குப் போயின. காற்றில் கம்பத்துத் துணி விறைத்தால் வீட்டு அடுப்பெல்லாம் அணைய வேண்டும். வளவுக்கு ஒன்றாக, காற்றுப் படாத பள்ளத்தில் வெட்டிய அடுப்பில்தான் சமையல்.

"இவளுக்கு வலி எடுத்தா வெந்நிக்கு எங்கே ஓடறது?"

"எனக்குன்னு அங்கே ஒரு குண்டா கொதிச்சுட்டேதான் கிடக்குதுங்ணா. நீங்க சோத்தைத் தின்னுங்க."

விடிந்ததும் வலி கண்டது. காற்று நிற்கவில்லை. பள்ளத்திலிருந்து வீடுவரை பெண்கள் வரிசையாக நின்று, குடம் குடமாக வெந்நீரைக் கைமாற்றினார்கள். இளவெயிலில் ஆவி வெள்ளையாக மிதந்தது. வெயில் ஏறுமுன் பெண் குழந்தை அழுதது. தாயும் சுகம்.

ஞாயிறு சாயங்காலம் கோயமுத்தூர் திரும்பினேன். எங்கள் தெருவுக்குப் பைக்காரா மின்சாரம் வந்துவிட்டது. கூரைகள் இன்னும் ஓலைதான். வீட்டுக்கு வீடு அடுப்பு எரிந்தது, காற்றும் அடித்தது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். இத்தனை வருஷத்தில் அவர் பெயரைக் கேட்டு வைக்கவில்லை. "ஏனுங்க" என்றுதான் கூப்பிட்டேன்.