சனிக்கிழமை சாயங்காலம் காலி

காலையில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறி உட்கார்ந்ததும் போன். உப்பிலியபுரம் கல்யாண மண்டப ஓனர். எங்கள் புக்கிங் சாஃப்ட்வேரை வாங்கிய முதல் ஆள். அவர் சொல்லித்தான் மற்ற பதினோரு மண்டபங்களும் வந்தன.

"தம்பி, இந்த சனிக்கிழமை சாயந்திரம் மண்டபம் காலின்னு காட்டுது. பிறந்தநாள் விழாவுக்குக் கேட்டு எதிர்லயே உக்காந்திருக்காங்க."

"காலின்னா குடுத்துடுங்க சார்."

"ஞாயித்துக்கிழமை காலையில கல்யாணம் இருக்கேப்பா!"

ஞாயிறு கல்யாணம் என்றால் மாப்பிள்ளை வீட்டார் சனிக்கிழமை சாயங்காலமே வந்து இறங்கிவிடுவார்கள். ஊருக்கே தெரியும். எங்கள் சாஃப்ட்வேருக்குத் தெரியாது. அதற்கு ஒரு நாள் என்றால் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. அதை எழுதிய நாங்கள் ஐந்து பேரும் கல்யாணம் ஆனவர்கள் வேறு.

"அவங்களுக்கு உறுதி சொல்லிட்டீங்களா சார்?"

"எங்க சொன்னேன்? சமையல்காரரைக் கேக்காம நான் தேதி குடுக்கிறதே இல்ல. அன்னிக்கு ராத்திரி முந்நூறு இலை இருக்குன்னு அவர்தான் சொன்னார்."

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

"சார், எங்க ஆபீஸ்ல டெஸ்டிங் வேலைக்கு அவர் வருவாரா?"

"வருவார். முகூர்த்த நாள்ல மட்டும் வரமாட்டார்."

ஆபீஸ் போனதும் முதல் வேலையாக சாஃப்ட்வேரில் அந்தத் தப்பைத் திருத்தி, பன்னிரண்டு மண்டபங்களுக்கும் அனுப்பிவிட்டோம். கல்யாணத்தில் இன்னும் எதையெல்லாம் மறந்திருக்கிறோம் என்று கமெண்டில் சொல்லுங்கள். அடுத்த முறை சமையல்காரர் லீவில் இருக்கலாம்.